எட் ஏன் போனில் மட்டும் ஊராரிடம் பேசுகிறான்?

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றில் வரும் பேசும் குதிரை மிஸ்டர் எட். முதல் தடவை அவனை மாற்றி எழுதியபோது குடிகாரனாக்கிவிட்டேன். நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் சின்ன நாடகக் குழுவுக்காக 12 நிமிடத் தனிநடிப்பு ஒன்று. தொடர் முடிந்து பல வருடம் ஆகிவிட்டது. லாயத்தில் தனியாக நிற்கும் எட், வாளித் தண்ணீருக்குப் பதில் வேறு எதையோ குடித்துவிட்டு, தன்னை மறந்துபோன உலகத்தைத் திட்டித் தீர்க்கிறான். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. பார்க்க வந்த 30 பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. ஒருவர் நடுவில் எழுந்து வெளியே போய் போன் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னாள்: "நல்லாத்தான்டா எழுதியிருக்க. ஆனா அது எட் இல்ல, நீ. வேலை போன வருஷம் நீ இப்படித்தான் பேசிக்கிட்டுத் திரிஞ்ச."

சுருக்கென்று தைத்தது. கொஞ்ச நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோது, நான் செய்தது மறுவாசிப்பே இல்லை என்று புரிந்தது. என் புலம்பலுக்கு ஒரு குதிரை முகமூடி மாட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் பேசும் விலங்குகளை எடுத்து, புதிய கண்ணோடு ஒரு தனிநடிப்போ சிறுகதையோ எழுத நினைப்பவர்களுக்காக, அதற்குப் பிறகு நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையில் அந்த விலங்கு செய்கிற எதையும் மாற்றக் கூடாது. அது ஏன் அப்படிச் செய்கிறது என்பதை மட்டும் மாற்றலாம். நடத்தை பழையது, காரணம் புதியது. என் குடிகார எட் தோற்றதற்குக் காரணம், தொடரில் அவன் செய்யாத ஒன்றை நான் செய்யவைத்ததுதான். (இதில் ஒரு வேடிக்கை உண்டு. எட் முதலில் பிறந்தது தொலைக்காட்சியில் இல்லை, வால்டர் ஆர். புரூக்ஸ் 1937-ல் லிபர்ட்டி இதழில் எழுதத் தொடங்கிய கதைகளில். அவை பெரியவர்களுக்கான கதைகள், குடியும் அதில் உண்டு. அந்தக் கணக்கில் நான் மூலத்துக்கு விசுவாசமாகத்தான் இருந்திருக்கிறேன். அக்காவிடம் இதைச் சொன்னேன். எடுபடவில்லை.)

ஒரே ஒரு எபிசோட் போதும்

மிஸ்டர் எட் 1961 முதல் 1966 வரை ஓடிய தொடர், மொத்தம் 143 எபிசோட். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று உட்கார்ந்தால் எழுதவே மாட்டீர்கள். ஒன்றை எடுத்து மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை சும்மா, சிரிப்பதற்காக. இரண்டாவது தடவை சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு. மூன்றாவது தடவை திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதால் மட்டும்.

கையில் ஒரு நோட்டு வேண்டும். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: விலங்கு செய்தது, விலங்கு சொன்னது, மற்றவர்கள் அதைப் பற்றிச் சொன்னது. அந்த மூன்றாவது பத்தியில்தான் வில்லங்கம் இருக்கிறது. "எட் ஒரு குறும்புக்காரன்", "பொறாமைக்காரன்", "பிடிவாதக்காரன்" என்று நம் மனதில் பதிந்திருப்பதெல்லாம் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவை. சொந்தக்காரர் சலித்துக்கொள்வதையும், பின்னணியில் வருகிற பதிவுசெய்த சிரிப்பையும் நாம் அந்த விலங்கின் குணம் என்று எடுத்துக்கொண்டுவிடுகிறோம். எழுதி முடித்ததும் அந்தப் பத்தியின் மேல் ஒரு கோடு போடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் கச்சாப் பொருள்.

நான் எடுத்தது 1963-ல் வந்த பேஸ்பால் எபிசோட். டாட்ஜர்ஸ் அணியைச் சேர்ந்த லியோ டுரோசர், சாண்டி கூஃபாக்ஸ் போன்றவர்கள் அவர்களாகவே வந்து நடித்தது. கூஃபாக்ஸ் அந்தக் காலத்தில் மனிதர்களையே திணறடித்த பந்து வீச்சாளர். எட் மட்டையைப் பல்லால் கவ்விக்கொண்டு நிற்கிறான், அடிக்கிறான், தளங்களையெல்லாம் சுற்றி ஓடுகிறான், கடைசியில் ஆட்டக்காரர்களைப்போலவே சறுக்கி வந்து சேர்கிறான். சிரிக்காமல் பார்க்க முடியாத காட்சி.

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அத்தனை பேர் பார்க்க, குதிரையால் முடியாத காரியத்தையெல்லாம் அவன் பட்டப்பகலில் செய்கிறான். கொஞ்சமும் கூச்சமில்லை. அப்படியென்றால் தான் சாதாரணக் குதிரை இல்லை என்பது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் அவனுக்கு இல்லை. திறமையை மறைக்கவில்லை, குரலை மட்டும்தான் மறைக்கிறான். நோட்டில் இதை எழுதிவிட்டு ஒரு கேள்விக்குறி போட்டேன். அந்தக் கேள்விக்குறியிலிருந்துதான் என் இரண்டாவது நாடகம் வந்தது.

யாருக்குக் கேட்கிறது?

பேசும் விலங்கு வரும் எந்தத் தொடரிலும் ஒரு சட்டம் இருக்கும்: அதன் பேச்சு யார் காதில் விழும், யார் காதில் விழாது. கதையை எழுதியவர்கள் நகைச்சுவைக்காகப் போட்ட சட்டம்தான். ஆனால் அந்த விலங்கின் பக்கத்தில் நின்று பார்த்தால், அதன் வாழ்க்கையே அந்தச் சட்டம்தான். குணத்தைத் தேடுகிறவர்கள் முதலில் இதைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

எட் தன் சொந்தக்காரர் வில்பர் போஸ்டிடம் மட்டும்தான் பேசுவான். காரணமும் தொடரிலேயே உண்டு: பேசத் தகுந்த மனிதர் என்று அவனுக்குத் தோன்றியது வில்பர் ஒருவர்தான். மனைவி கேரலுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அடிசன் தம்பதிக்குத் தெரியாது. லாயத்திலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்ப்பவர்களிடம் வில்பர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். வழக்கமாக இதை வில்பரின் சங்கடமாகத்தான் பார்க்கிறோம்.

எட்டின் பக்கம் போய் நில்லுங்கள். நகைச்சுவைக்காகச் செய்த ஒரு சின்ன ஏற்பாடு அங்கே தட்டுப்படும். வில்பர் கட்டடக் கலைஞர்; வேலை செய்யும் மேசை லாயத்திலேயே இருக்கிறது, போனும் அங்கேதான். எட் அந்தப் போனை எடுத்து வெளியாட்களிடம் பேசுவான். வம்பு வளர்ப்பான், யோசனை சொல்வான். எதிர்முனையில் இருப்பவர் ஏதோ ஒரு மனிதர் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வார்.

அப்படியென்றால் "வில்பரிடம் மட்டும்" என்ற சட்டம் முழு உண்மை இல்லை. வில்பரிடம் மட்டும் நேரில் பேசுகிறான் என்பதுதான் உண்மை. மைதானத்தில் உடம்பு தெரிந்தது, குரல் இல்லை. போனில் குரல் கேட்கிறது, உடம்பு இல்லை. இரண்டும் சேர்ந்து கிடைத்தது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு.

இது பிடிபட்ட அன்று இரவு தூக்கம் வரவில்லை. குறும்புக்கார எட் காணாமல் போய்விட்டான். போன் குறும்பு என்று நாம் சிரித்ததெல்லாம், குதிரையாக இல்லாமல் ஒரு ஐந்து நிமிடம் இருந்துபார்க்கும் ஆசை என்று படித்தால் எப்படி இருக்கும்? அதே போன், அதே பொய், அதே வம்பு. ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். வில்பர் ஊருக்குப் போனால் எட் முரண்டு பிடிப்பான் என்றால், அது பிடிவாதம் இல்லை. அந்த ஆள் இல்லாத நாட்களில் அவன் பாதி ஆள்தான்.

சட்டம் வேறாக இருக்கும் தொடர்களும் உண்டு. அங்கே கேள்வியும் மாறும்.

1955 முதல் 1958 வரை வந்த தி பீப்பிள்ஸ் சாய்ஸ் தொடரில் க்ளியோ என்று ஒரு பாசெட் இன நாய். தொங்கும் காது, சோர்ந்த கண். அவள் நினைப்பது நமக்கு மட்டும் கேட்கும். குரல் கொடுத்தவர் மேரி ஜேன் கிராஃப்ட். கதைக்குள் இருக்கும் யாருக்கும் அவள் வெறும் நாய். அவளுடைய சொந்தக்காரர், ஜாக்கி கூப்பர் நடித்த சாக் மில்லர், நகரமன்ற உறுப்பினர். மேயரின் மகளை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறார், அதை மறைக்கப் படாதபாடு படுகிறார். க்ளியோவை எல்லோரும் நக்கல் பிடித்த நாய் என்பார்கள். அவள் பேசுவதை எண்ணிப் பாருங்கள்: எத்தனை வரி மற்றவர்களைப் பற்றி, எத்தனை வரி தன்னைப் பற்றி? வீட்டில் நடக்கும் எல்லாப் பொய்க்கும் சாட்சி, எதையும் வெளியே சொல்ல வாயில்லை, சொல்ல முடிந்தது முன்பின் தெரியாத நம்மிடம் மட்டும். அந்த நக்கலை, ரகசியம் சுமக்கிறவளின் பெருமூச்சு என்று மாற்றிக் கேளுங்கள். முகம் தானாகப் பொருந்திக்கொள்ளும். பாசெட் முகம் அதற்கென்றே செய்தது.

எல்லோருக்கும் கேட்கும் என்றால்? 1961-62-ல் வந்த டாப் கேட் கார்ட்டூனில் பூனைகள் போலீஸ்காரர் டிபிளோடு சர்வசாதாரணமாகப் பேசும். இங்கே ரகசியம் எதுவும் இல்லாததால், "யாருக்குக் கேட்கிறது" என்று கேட்டுப் பயனில்லை; "யார் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்" என்று கேளுங்கள். கூட்டத்தின் தலைவனான டாப் கேட்டின் அச்சு, பழைய ராணுவ நகைச்சுவைத் தொடர் ஒன்றில் ஃபில் சில்வர்ஸ் நடித்த சார்ஜண்ட் பில்கோ. அந்தத் தொடரில் டோபர்மன் என்ற சிப்பாயாக வந்த மாரிஸ் காஸ்ஃபீல்டையே பென்னி என்ற குண்டுப் பூனைக்குக் குரல் கொடுக்க வைத்தார்கள். பில்கோ ராணுவத்தில் இருந்து ஏமாற்றினார், அவருக்குச் சம்பளம் உண்டு. அதே தந்திரத்தைச் சந்தில் குப்பைத் தொட்டிக்குள் படுக்கும் பூனை செய்யும்போது அது பிழைப்பாகிவிடுகிறது. இதற்கு மேல் எனக்கு டாப் கேட்டில் ஒட்டவில்லை. 30 எபிசோடும் பார்த்தேன், டிபிளின் மேல்தான் பரிதாபம் வந்தது.

குரல் வேறு, உடம்பு வேறு

மூன்றாவது தடவை காதால் மட்டும் கேட்கச் சொன்னேன் அல்லவா? அதற்குக் காரணம் இருக்கிறது. பேசும் விலங்கு எப்போதும் இரண்டு பேர். பார்க்கிற உடம்பு ஒருவருடையது, கேட்கிற குரல் இன்னொருவருடையது. இரண்டையும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டால் புதிய காரணங்கள் கொட்டும்.

எட்டின் குரல் ஆலன் லேன். "ராக்கி" லேன் என்ற பெயரில் சின்ன பட்ஜெட் கௌபாய்ப் படங்களின் கதாநாயகனாக இருந்தவர். அந்தப் படங்களில் பிளாக் ஜாக் என்ற குதிரை மேல் வருவார். கௌபாய்ப் படங்களின் மவுசு போன பிறகு, குதிரைக்குக் குரல் கொடுத்தார். தொடரின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மிஸ்டர் எட்டாக நடித்தது "அவரே" என்றுதான் வரும். குதிரை ஏறி வந்தவர் கடைசியில் குதிரைக்குள் போய்விட்டார். அந்தக் கனத்த, இழுத்துப் பேசும் குரலை, படத்தைப் பார்க்காமல் கேட்டால் குறும்புக்காரப் பிராணி நினைவுக்கே வராது. எல்லாம் பார்த்து முடித்த ஒரு பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும்.

உடம்பு, பாம்பூ ஹார்வெஸ்டர் என்ற பாலொமினோ குதிரை, அதாவது பொன்னிறக் குதிரை. பயிற்சியாளர் லெஸ் ஹில்டன். வாய் அசைவதற்கு வேர்க்கடலை வெண்ணெய் தடவினார்கள் என்று ஒரு கதை பல வருடம் உலாவியது. வில்பராக நடித்த ஆலன் யங், அது தான் கட்டிவிட்ட கதை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். உண்மையில் முதலில் உதட்டுக்கடியில் நைலான் நூல் வைத்து இழுத்திருக்கிறார்கள். அப்புறம் பயிற்சியாளர் குளம்பைத் தொட்டால் உதட்டை அசைக்கக் குதிரை கற்றுக்கொண்டது. அதற்கும் அப்புறம், யங் தன் வசனத்தைப் பேசி நிறுத்தினாலே அது உதட்டை அசைக்க ஆரம்பித்துவிட்டதாம்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த நிஜக் குதிரை வசனத்தைக் கற்கவில்லை, மௌனத்தைக் கற்றிருக்கிறது. எதிரில் இருப்பவர் எப்போது பேசி முடிப்பார் என்று காத்திருக்கக் கற்றிருக்கிறது. நம் வீட்டில் எத்தனை பேருக்கு இது வரும்? இதைத் தெரிந்துகொண்ட பிறகு பழைய எபிசோடைப் போட்டால், எட் பேசுவதைவிட அவன் கேட்டுக்கொண்டிருக்கும் நொடிகள்தான் கண்ணில் படுகின்றன. காது திரும்புகிறது, கண் வில்பரிடமே இருக்கிறது. வாயாடி என்று பெயர் வாங்கிய கதாபாத்திரம், உடம்பளவில் நல்ல கேட்பாளி. என் எட் இப்போது அதிகம் பேசுவதில்லை.

படப்பிடிப்பில் இருந்த இடைஞ்சலை இப்படிக் குணமாக மாற்றுவது நல்ல வழி. எட் எப்போதும் லாயத்துக் கதவுக்கு மேலே தலையை நீட்டிப் பேசுகிறான் என்றால், அது படம் எடுக்க வசதி. உங்கள் எழுத்தில் அது அவன் தேர்ந்தெடுத்த எல்லையாக இருக்கலாம்: கீழே பாதிக் கதவு மூடியிருந்தால்தான் அவனுக்குப் பேச வரும்.

சேலமின் 100 வருடம்

சப்ரினா என்ற இளம் சூனியக்காரியைப் பற்றிய தொடரில் (1996–2003) வரும் கறுப்புப் பூனை சேலம், என்னைக் கேட்டால், இந்த வேலைக்கு முதன்முதலில் எடுக்க ஏற்றது. ஏனென்றால் கடந்தகாலத்தை நீங்கள் கற்பனை செய்யவே வேண்டாம், தொடரே கொடுத்துவிடுகிறது. உலகத்தைப் பிடிக்க முயன்ற மந்திரவாதி. தண்டனையாக 100 வருடம் பூனையாக இருக்க வேண்டும். நிக் பகே குரலில் சோம்பேறித்தனமும் தின்பண்ட ஆசையும் சுயபுராணமுமாக நம்மைச் சிரிக்கவைப்பான்.

அதே சோம்பலை வீட்டுக் காவல் என்று படித்துப் பாருங்கள். அவன் நாளெல்லாம் படுத்துக் கிடக்கிறான். வெளியே போய்ச் செய்ய ஒன்றும் இல்லை. தின்பதைப் பற்றியே பேசுகிறான். அவன் கையில் மிச்சமிருக்கும் ஒரே முடிவு அதுதான். பழைய படையெடுப்புப் பெருமையை ஆயிரம் தடவை சொல்கிறான். சொல்லாவிட்டால் தான் பூனையாகவே பிறந்தவன் என்று தனக்கே தோன்றிவிடும். பேசும் காட்சிகளில் அவன் பெரும்பாலும் பொம்மை என்பதால் உடம்பு விறைப்பாக இருக்கும், ஓடுகிற காட்சிக்கு நிஜப் பூனை வரும். அதையும் சேர்த்துக்கொள்ளலாம்: பேசும்போது மனிதன், உடம்பு ஒத்துழைக்காது, ஓடும்போது பூனை, பேச்சு வராது.

ஆனால் ஒன்று கவனம். அவன் செய்தது குற்றம்தான். "பாவம், கைதி" என்று ஒரேயடியாக உருகிவிட்டால் நகைச்சுவை போய்விடும். தண்டனை நியாயமானது, ஆனாலும் நீளமானது. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அவன் சேலம்.

கடந்தகாலத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தால், மிஸ் பிக்கி என்ற பன்றிப் பொம்மையை வளர்த்த விதத்தைப் பாருங்கள். மப்பெட் ஷோ என்ற பொம்மலாட்டத் தொடரில் (1976–81) அவளை ஆட்டுவித்துப் பேசிய ஃபிராங்க் ஆஸ், அவளுக்கென்று ஒரு இளமைக்காலத்தை யோசித்து வைத்திருந்தார்: சிறு வயதில் அப்பா இறந்துவிட்டார், அம்மா அவ்வளவு அன்பானவர் இல்லை, பிழைக்க அழகிப் போட்டிகளில் கலந்துகொள்ள வேண்டியிருந்தது. மேடையில் அவள் தன் அப்பாவைப் பற்றி அழுது நாம் பார்ப்பதில்லை. பார்ப்பது தலைமுடியைச் சிலுப்புவதையும், கராத்தே வெட்டையும், கெர்மிட் என்ற தவளையைத் துரத்துவதையும்தான். ஆனால் அந்த வெட்டில் ஒரு கனம் இருக்கிறது. நான் கற்றது இதுதான்: இரண்டு பக்கத்துக்குக் கடந்தகாலம் எழுதுங்கள், அதிலிருந்து ஒரு வரிகூடக் கதையில் வைக்காதீர்கள். என் குடிகார எட் 12 நிமிடமும் அந்த இரண்டு பக்கத்தைத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

ஒரு வரியை வைத்துச் சோதனை

காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றினால், உப்புச் சப்பில்லாத ஒரு வரியை எழுதி, அதை அந்த விலங்கின் வாயில் வைத்துப் பாருங்கள். நான் வைத்துக்கொள்ளும் வரி: "வில்பர், இன்னைக்கு மழை வருமா?"

குறும்புக்கார எட் இதைக் கேட்டால், அவர் குடையில் ஏதோ செய்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். சோம்பேறி எட் கேட்டால், சவாரி போக வேண்டாமே என்ற நப்பாசை. என் எட் கேட்டால், மழை வந்தால் வில்பர் வீட்டுக்குள் போகாமல் இன்னும் ஒரு மணி நேரம் லாயத்து மேசையிலேயே உட்கார்ந்திருப்பார்.

மூன்றுக்கும் வார்த்தை ஒன்றுதான். மூன்றாவது காரணத்தை வைத்துக்கொண்டு அடுத்த வரி தானாக வந்தால் உங்கள் மறுவாசிப்பு பிழைத்தது. எனக்கு வந்த அடுத்த வரி: "வராது போலிருக்கே" என்று வில்பர் சொல்ல, எட், "வானிலைக்காரன் சொன்னா நம்பிடுவீங்களா?" என்கிறான். பரிதாபம் அடியில் ஓடுகிறது, மேலே வம்புதான். சிரிப்பு வந்தது. சிரிப்பு வராவிட்டால் திரும்பிப் போய் நோட்டைப் பாருங்கள். எங்கோ நீங்கள் அவனுக்காக அழ ஆரம்பித்திருப்பீர்கள்.

இன்னொன்று. பழைய எபிசோடின் ஒரு காட்சியை எடுத்து, உங்கள் காரணத்தை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். எங்காவது ஒரு வரி இடித்தால், அந்த வரியை விட்டுவிட்டு எழுதலாம் என்று ஆசை வரும். விடாதீர்கள். இடிக்கிற வரிதான் நல்ல வரி. மற்ற குதிரைகளைக் கண்டால் எட் ஏன் சில சமயம் அவ்வளவு அலட்டிக்கொள்கிறான் என்பது எனக்கு இடித்தது. பாதி ஆளாக வாழ்கிறவனுக்கு எதற்கு இந்தப் பந்தா? ஒரு வாரம் கழித்துத்தான் பிடிபட்டது: அவர்களிடம் அவன் போனும் வேண்டாமல், வில்பரும் வேண்டாமல், வெறும் குதிரையாக இருக்க முடியும். அது அவனுக்குச் சரியாக வராத கலை. வராததைத்தானே நாம் எல்லோரும் சத்தமாகச் செய்வோம்.

தடுக்கி விழுந்த இடங்கள்

இருட்டாக்கினால் ஆழமாகிவிடும் என்பது பெரிய மயக்கம். பழைய சிட்காமில் நடித்துப் புகழ்பெற்று, பின்னால் உடைந்துபோன குதிரையின் கதையை போஜாக் ஹார்ஸ்மேன் என்ற கார்ட்டூன் தொடர் 2014-லிருந்து ஆறு சீசன் செய்து முடித்துவிட்டது. நன்றாகவும் செய்தது. அங்கே இனி நமக்கு வேலை இல்லை. கனிவான, பயந்த, கணக்குப் பார்க்கிற, ரசனைக்கார விலங்குகளுக்கு இன்னும் இடம் காலியாக இருக்கிறது.

அப்புறம், எல்லாம் அந்த மனிதனின் பிரமை என்ற முடிச்சு. குதிரை பேசவே இல்லை, வில்பருக்குத்தான் ஏதோ கோளாறு என்று முடிப்பது. எங்கள் குழுவில் புதிதாக வரும் ஒவ்வொருவரும் இதைத்தான் முதலில் கொண்டுவருகிறார்கள். விலங்கின் குணத்தை மாற்றிப் படிக்க வந்துவிட்டு, விலங்கையே இல்லாமல் ஆக்குவது எந்த ஊர் நியாயம்? இதில் எனக்குக் கோபமே வரும்.

இரண்டாவது தடவை மேடை ஏறிய நாடகம் எட்டு நிமிடம்தான். லாயம், மேசை, ஒரு போன். எட் ஒரு தவறான எண்ணுக்குப் போன் செய்துவிடுகிறான். எதிர்முனையில் யாரோ வயதான அம்மா. மன்னிப்புக் கேட்டு வைத்துவிட வேண்டியவன், அந்த அம்மாளின் மூட்டு வலியைப் பற்றி விசாரிக்கிறான். தனக்கும் முழங்காலில் வலி உண்டு என்கிறான். "எந்த முழங்கால்?" என்று அந்த அம்மா கேட்டிருக்க வேண்டும், நமக்கு எட்டின் பதில் மட்டும் கேட்கிறது: "பின்னாடி இருக்கறது." அங்கே சிரித்தார்கள். வில்பரின் காலடிச் சத்தம் கேட்டதும் போனை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வைக்கோலை மென்றுகொண்டு நிற்கிறான்.

முடிந்ததும் அக்கா பின்பக்கம் வந்தாள். நன்றாக இருந்தது, இல்லை என்றெல்லாம் சொல்லவில்லை. "அந்தம்மா மறுநாளும் போன் பண்ணுவாங்களாடா?" என்று கேட்டாள்.

அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.